மன அலைவும் இன்ப துன்பங்களும்

மனம் ஓரிடத்து நில்லாது அலைதலால் துன்பம் உண்டாகின்றதோ, துன்பமுற்றமையால் மனம் அலைகின்றதோ என்னும் வினா மிகப் பழையது. இதற்கு மேலைநாட்டு உளநூலார் இருவர் கணக்கிட்டு விடை கண்டதாக ஒரு கட்டுரை, 2010ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், அமெரிக்க நாட்டு ‘சயன்ஸ்’ என்னும் வார வெளியீட்டில் வந்தது. ஆர்வார்டு பல்கலைக்கழகத்து மத்தேயு கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்னும் இருவர் அதனை எழுதினர். அலைகின்ற மனம் மகிழ்வற்ற மனமாம் என்பது அவர்தம் முடிபு. கட்டுரையை முழுதும் கற்றவர் சிலரே. அம்முடிபு மட்டும் கற்றார் கல்லாதார் எல்லார் வாயினும் பழமொழிபோல் வழங்குவதாயிற்று. பூசைக்கண் அமர்ந்து ஐந்தெழுத்தை எண்ணும்போது மனம் கடைத்தெருவிற்கும் வழக்குமன்றத்திற்கும் ஓடுதலைக் கண்டு நாணும் அன்பர் சிலர், இம்முடிபையுங் கேட்டுத் தம் வழிபாடு பயனின்று போலும் என நெஞ்சு தளர்கின்றனர். ஆகலின் இதனை எடுத்து ஆராய்தல் இன்றியமையாததாகின்றது.

அவ்விருவர் கொண்ட முறை வருமாறு. ‘ஐபோன்’ என்னுங் கைத்தொலைபேசி வாயிலாக, 2,250 பேரை, அவர் எதிர்பாராத வேளைகளில் அழைத்து வினவினர். இப்பொழுது நின் மனநிலை எத்தகையது? 0 முதல் 100 வரை ஓர் எண்ணாற் கூறுக என்பது முதல் வினா. இப்பொழுது என் செய்கின்றனை என்பது இரண்டாவது. இதற்கு 22 வகைச் செயல்கள் எழுதிவைக்கப்பட்டிருந்தன. செய்கின்ற செயலையன்றி வேறொன்றனை எண்ணுகின்றனையோ என்பது மூன்றாவது. இல்லை, ஆம், இனியதொன்றை, ஆம், இனிதும் இன்னாததுமல்லாத ஒன்றை, ஆம், இன்னாததொன்றை என நான்கு விடைகளுள் ஒன்றனை விடுப்போர் தெரிந்துகொள்ளல் வேண்டும்.

வந்த விடைகளிற் 46.9 விழுக்காடு மனம் வேறிடத்து இருந்தமையைக் காட்டின. இனியவற்றை எண்ணினார், செய்தொழிலிலேயே மனம் வைத்தாரினும் மிக்க மகிழ்வுடையராகக் காணப்பட்டிலர். ஏனை இருவகை எண்ணமுடையாரோ பெரிதும் மகிழ்வு குன்றியிருந்தனர். முன்பின்னாக வந்த விடைகளைக் காலமுறையால் ஒப்பிட்டு, அலைவே முந்தியது, துயரம் அதன் பிந்தியது எனவும் அவ்விருவர் கருதினர்.

இம்முறையில் ஒரு நன்மை உண்டு. அதனை மறைத்தல் நடுவுநிலைமையன்று. சென்ற திங்கள் நீ மகிழ்ந்திருந்தனையோ என்று கேட்டால், விடை கூறுவான் நினைவையும் கற்பனையையும் கலந்தே கூறுவான். நிகழும் கணத்திலேயே வினவுதல் அப்பிழையைப் பெரும்பாலும் போக்குகின்றது. மனம் அலையும் அளவு இத்துணைப் பெரிது என்பதனை எண்ணாற் காட்டியதும் பாராட்டற்பாலதே. சைவநூல்கள் மனத்தின் இயல்பென்று கூறியதனை மேலைநாட்டார் தம் வாயாலே ஒப்புக்கொண்டனர் என்று மகிழ்வாரும் உளர். அம்மகிழ்ச்சிக்கு இன்னுங் காலம் வந்திலது.

என்னை? அவர் கண்ட கால முறையே உறுதிப்பட்டிலது. 2009ஆம் ஆண்டிலேயே ஜொனாதன் ஸ்மால்வுட் முதலியோர், காட்சிகளைக் காட்டிச் சிலரைத் துயருறுவித்துப் பின்னர் ஒரு தொழிலை அவர்க்குக் கொடுத்து நோக்கினர். துயருற்றார்தம் மனமே மிகுதியும் தொழிலை விட்டு அலைந்தது. 2013இல் இங்கிலாந்தில் ஷெபீல்டு பல்கலைக்கழகத்தார் நாள்வாழ்க்கையினிடையே வினவி ஆராய்ந்தபோது, துயரம் முந்துதலும் அலைவு அதன்பின் வருதலும் கண்டனர்; அலைவுக்குப் பின்னர் மனநிலை அதனாலே தாழ்ந்ததாகக் கண்டிலர். எண்ணப்பட்ட பொருள் யாது என்பதே அப்போதைய மனநிலையோடு இயைபுடையதாயிருந்தது. அதே ஆண்டில் வந்த பிறிதோர் ஆராய்ச்சியில், தமக்கு மிக்க விருப்பமுடைய பொருளைப்பற்றி அலைந்த மனத்தார் மகிழ்வுமிக்கே இருந்தனர். எனவே மேலைநாட்டாருள்ளேயே இஃது இன்னும் வழக்கிலுள்ளது, தீர்ப்பு எழுதப்பட்டிலது. தீர்ப்பு எழுதப்படாத வழக்கை முடிந்ததெனக் கொண்டு ஊரெங்கும் பறைசாற்றுதல் நூலோர் நெறியன்று.

இனிச் சித்தாந்த நூல் கொண்டு நோக்குவாம் எனின், முதற்கண் புலப்படுவது சொல்லின்கண் உள்ள மயக்கமாகும். மேலைநாட்டார் ‘மனம்’ என ஒரு சொல்லால் வழங்குவதனைச் சிவாகமங்கள் நான்காக வகுக்கும். புறத்தே பொறிகள் காட்டியதனைப் பற்றி, இஃதோ அஃதோ என ஐயுற்று நிற்பது மனம். ஒன்றனை விடாது சிந்திப்பது சித்தம். யான் இதனைத் துணிவேன் என எழுவது அகங்காரம். இஃது இன்னது எனத் துணிவது புத்தி. இன்ப துன்ப மயக்கங்களோ, முக்குணங்களுள் சத்துவம் மேம்படின் இன்பமும், இராசதம் மேம்படின் துன்பமும், தாமதம் மேம்படின் மயக்கமுமாகப் புத்தியின்கண் விளங்கி, ஆன்மாவால் நுகரப்படுவன. ஆகவே அலைவது ஒரு கருவி. இன்பதுன்பம் விளங்குமிடம் மற்றொரு கருவி. நுகர்வான் இவ்விரண்டிற்கும் வேறாகிய ஆன்மா. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரத்தில், ஆன்மா அந்தக்கரணங்களுள் ஒன்றுமன்று என்று நிறுவி, அமைச்சரோடு கூடிய அரசனை உவமை கூறினர். அமைச்சன் அங்குமிங்கும் ஓடுகின்றான், அரசன் வாடியிருக்கின்றான். அமைச்சன் ஓடியதனால் அரசன் வாடினன் என்றே கொள்ளல் வேண்டுமோ? பகைவர் கோட்டையை முற்றுகையிட்டமையால் அரசன் வாடவும், அதுபற்றியே அமைச்சன் ஓடவும் கூடுமன்றோ? இரண்டும் உடனிகழ்ந்தமை கொண்டு ஒன்றனை மற்றொன்றற்குக் காரணம் என்றல் காகதாலீய நியாயத்தின்பாற் படும்.

கணக்கே இதற்குச் சான்று பகர்கின்றது. ஒருவர்தம் மகிழ்ச்சி வேளைக்கு வேளை ஏறியிறங்கும் வேறுபாட்டில், அவர் செய்யுஞ் செயல் விளக்கியது 4.6 விழுக்காடு, மன அலைவு விளக்கியது 10.8 விழுக்காடு. செயலினும் அலைவு இருமடங்கிற்கு மேல் விளக்கிற்று என்று அக்கட்டுரையைப் புகழ்வார் எடுத்துக்காட்டுவர். இரண்டனையுங் கூட்டினும் ஐந்தில் ஒருபகுதி நிரம்பிற்றில்லை என்பதனை அவர் எடுத்துக்காட்டுவதில்லை. எஞ்சிய பெரும்பகுதிக்குக் காரணம் யாது? சித்தாந்தி அதனை இருவினைப்பயன் என்பன். உளநூலார் பிற காரணங்களைத் தேடுவர், தேடுக. ஆயின் அலைவே காரணம் என்று முடித்துக் கூறல் மட்டும் அவர் கணக்கிற்கே ஒவ்வாது.

இதனினும் பெரியதொரு குற்றம் மூன்றாம் வினாவில் உள்ளது. செய்கின்ற செயலையன்றி வேறொன்றனை எண்ணுகின்றனையோ என்னும்போது, செயல் என்பது உடம்பால் செய்யப்படுவதே என்பது முன்னரே கொள்ளப்பட்டுவிட்டது. மனம் மொழி மெய் மூன்றும் வினைக்குக் கருவியெனக் கொண்ட சைவர்க்கு இஃது உடன்பாடன்று. திருநின்றவூர்ப் பூசலார் நாயனாரை எண்ணுக. சிவபிரானுக்குக் கோயில் எடுக்க விழைந்து, பொருள் தேடி எங்கும் பெறாராய், என் செய்வேன் என வருந்தி நைந்தவர் அவர். அதன்பின்னரே கல்லும் மரமும் தச்சரும் எல்லாம் நினைவாலே தேடிக்கொண்டு, நன்னாள் குறித்து, ஆகமவிதி வழுவாமல் அடிநிலை முதல் சிகரம் ஈறாக, இரவினும் கண்படாது நெடுநாள் அகத்தே எடுத்தனர். கிணறும் குளமும் மதிலும் உடன் அமைத்தனர். காடவர்கோன் கச்சியிற் கட்டிய கற்றளியின் தாபன நாளை மாற்றிவைக்குமாறு இறைவன் கனவில் அருளியது இக்கோயிலின் பொருட்டு என்பதனைச் சேக்கிழார் வாக்கால் சைவ உலகம் அறியும்.

அந்நாளில் ஒருவன் சென்று, ஐய, நீர் செய்யும் செயலில் மனம் உளதோ என்று அவரை வினவியிருப்பின் என் விடை வரும்? கோயில் எடுக்கின்றேன், அதிலேயே மனம் உள்ளது என்பர் அவர். வாளா இருந்து வேறொன்றனை எண்ணுகின்றான், மனம் அலைந்தது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வன் வினவினவன். ஒரே நிகழ்ச்சிக்கு நேர்மாறான இரண்டு விடை. காடவர்கோனும் அவ்வூர்க்கு வந்து கற்கோயிலைத் தேடி நின்றவனேயன்றோ! பின்னும் ஒன்று நோக்குக. இங்கு வருத்தம் முந்தியது, மனம் புறத்தை விட்டு அகஞ்சென்றது பிந்தியது, விளைந்ததோ இன்பம். ஷெபீல்டார் 2013இல் கண்ட முறைமை பெரியபுராணத்தில் அவ்வாறே கிடக்கின்றது. மயிலை வாயிலார் நாயனாரும் மறவாமையையே கோயிலாக அமைத்து அகத்தே வழிபட்டவர். மறவாமை என்னுஞ் சொல்லைச் சேக்கிழார் அங்குப் பெய்த நுட்பம் உணரற்பாலது. உடம்பு இருக்குமிடத்து மனம் இருத்தல் வேறு. மறத்தலின்றி ஒன்றன்கண் மனம் இருத்தல் வேறு. முன்னையது தச்சனுக்கும் கணக்கனுக்கும் வேண்டும். பின்னையது அன்பனுக்கு வேண்டும்.

இனி வேலூரைச் சார்ந்த நாட்டிலேயே, இவ்வாராய்ச்சியோடு ஒருங்கு வைத்து நோக்கத்தக்க சோதனை ஒன்று 16ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்ததாக வழிவழிக் கேள்வியுண்டு. ஆரணியை அடுத்த அடையபலத்திற் பிறந்து, வேலூர்ச் சின்ன பொம்ம நாயக்கனால் போற்றப்பட்டவர் அப்பைய தீட்சிதர். ஸ்ரீகண்ட பாடியத்திற்கு அவர் சிவார்க்கமணி தீபிகை என்னும் உரை இயற்றியபோது, நாயக்கன் அவரைப் பொன்னால் நீராட்டிய செய்தியை, 1582ஆம் ஆண்டைச் சேர்ந்த அடையபலம் காளகண்டேசுவரர் கோயிற் கல்வெட்டும் கூறும். வேலூர்க்கு மேற்கே பாலாற்றை அடுத்த விரிஞ்சிபுரத்து இறைவனாகிய வழித்துணைநாதர்மேல் மார்க்கபந்து தோத்திரம் செய்தவரும் இவரே. தீட்சிதர் சிவாத்துவிதி, சித்தாந்தியல்லர். ஆன்ம இலக்கணத்தில் அவரோடு சித்தாந்திக்கு மாறுபாடு உண்டு. அம்மாறுபாடு ஈண்டு ஆராய்ச்சிக்கு வேண்டற்பாலதன்று.

தம் மனம் சிவபிரானிடத்து மெய்யாகவே பதிந்துளதோ, அன்றிக் கல்வியின் மிகுதியால் பதிந்ததுபோல் தோன்றுகின்றதோ என்னும் ஐயம் தீட்சிதர்க்கு எழுந்ததாம். அறிவு தெளிந்திருக்குங்கால் மனத்தைக் காவல் செய்யலாம். இறுதிக் காலத்தில் அறிவு கலங்கிய வழி அஃது எங்கே ஓடும்? இதனை அறிதற்பொருட்டு ஊமத்தையின் சாற்றை உண்டு, பித்தேறிய நிலையில் தாம் பிதற்றுவன எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதுக என மாணவர்க்குக் கட்டளையிட்டனர் என்ப. அவ்வாறு எழுதப்பட்டது ஐம்பது சுலோகங்கொண்ட ஆத்மார்ப்பண துதி. ‘உன்மத்த’ என்னும் அடைமொழியொடு அதற்கு வேறு பெயர் வழங்குவதும் இதுபற்றியே. (ஊமத்தை கொடிய நஞ்சு. சிவபிரானுக்குரிய மலர் என்பது கொண்டு இதனை எவரேனும் செய்துபார்க்கப் புகுவரேல் உயிர்க்கே இறுதியாம் என்பதனை ஈண்டுக் குறித்தல் கடன்.)

ஐம்பது சுலோகமும் யாப்பு வழாமல், பொருள்தொடர்ச்சி குன்றாமல் நிற்றலின், இவை பித்தேறிய வாயினின்று பிறந்தன என்பதனை ஐயுறுவார் ஐயுறலாம். ஐயத்திற்கு இடமில்லையென வாதிட்டுப் பயனில்லை. கதை நிகழ்ந்ததாயினும் புனைந்ததாயினும், அதனைக் காத்துவந்த மரபு எதனை வினாவாகக் கொண்டது என்பதே ஈண்டு வேண்டப்படுவது. எத்துணைமுறை மனம் அலைந்தது என்று அம்மரபு வினவிற்றில்லை. அலைந்த மனம் எத்துணை மகிழ்ந்தது என்றும் வினவிற்றில்லை. காவல் நீங்கியபோது எத்திசை நோக்கிச் சென்றது என்று வினவிற்று. ஆர்வார்டுச் சோதனை அளவைக் கணக்கிட்டது. அடையபலத்துச் சோதனை திசையைப் பார்த்தது.

மற்று, அத்துதியை ஓதுவார்க்கு மகிழ்ச்சிமிக்க நூலாக அது தோன்றுவதில்லை. தம் குற்றங்களை எடுத்தோதித் தம்மைத் தாமே இகழ்ந்து, பிறவிக்கு நடுங்கி, புகலிடம் வேண்டி அழும் குரலே அதில் மிக்கு ஒலிக்கின்றது. அந்நிலையில் 0 முதல் 100 வரை ஓர் எண் கூறுக என்றால், அவ்வெண் கீழே கிடக்கும் என்பதில் ஐயமின்று. மனம் தன்வயத்தில் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. உளநூலார் முடிபிற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. ஆயினும் மரபு இச்சோதனையில் தீட்சிதர் தோற்றார் என்று கூறிற்றோ? வென்றார் என்றே நானூறு ஆண்டுகளாகக் கூறிவருகின்றது. ஆகவே இன்பம் மிகுதலும் குறைதலும் மனத்தின் நன்மை தீமைகளை அளக்குங் கோல் அன்று என்பது பெறப்படும். அடியார் அழுத அழுகையெல்லாம் அக்கோலால் அளக்கப்படின் நோயென்றே முடியும். மகிழ்ச்சியொன்றே அளவுகோல் என்பதனை அவ்விருவர் ஓரிடத்தும் நிறுவினாரல்லர்; கொண்டு தொடங்கினர், அவ்வளவே.

இங்ஙனங் கூறவே, மனம் எவ்வாறு அலையினும் குற்றமில்லை என்பது சைவர் கொள்கையோ எனின், அன்று. சிந்தையை அடக்குதலின் அருமையைத் தாயுமானவர் பாடியதனை அறியாதார் யார்? மெய்கண்டார் ஒன்பதாஞ் சூத்திரத்தில், ஞானம் விளங்கிய பின்னும் பழைய வாசனையால் நோக்குத் திரும்புதல் உண்டு என்பதனை உடன்பட்டு, வேம்பிற் பழகிய புழு மீளவும் வேம்பையே நாடுதலை உவமை காட்டினர். அதனை நீக்குதற்கே திருவைந்தெழுத்து விதிக்கப்பட்டது. ஈண்டு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. மனம் மீளுதற்குக் காரணம் நெடுநாட் பழக்கம் என்றாரேயன்றி, ஓதுவானது தகுதியின்மை என்றிலர். மீண்டது எனக் கண்டவுடன் எழுத்தை விட்டெழுக என்றும் கூறிற்றிலர். மீளுதலுடையான் ஓதுக என்றே கூறினர். பூசைக்கண் மனம் ஓடியது கண்டு பூசையை விடுவார், நோயுடையேன் என்பது கொண்டு மருந்தை விடுவாரொப்பர்.

இனி, மேற்கூறிய முடிபு அறிவுரையாக மாறுங்கால் யாவர் தலைமேல் விழுகின்றது என்பதனையும் பார்த்தல் வேண்டும். வினவப்பட்டார் 2,250 பேரும் 2010இல் ஐபோன் வைத்திருந்தோர். நால்வருள் ஏறத்தாழ மூவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தோர். 2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்ட பழைய வேலூர் மாவட்டத்தில், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் முதலிய ஊர்களில் தோல் பதனிடுதலும் காலணி செய்தலுமே பல்லாயிரவர்க்கு வாழ்வு. ஊரார் தோல் ஷாப்பு என்று வழங்கும் இடங்களில் சுண்ணாம்பு ஊறிய தோலின் கொழுப்பும் தசையும் எந்திரத்தாற் களையப்படும். காலணித் தொழிற்சாலைகளில் பெண்டிர் நிரைநிரையாக அமர்ந்து மேற்பகுதிகளைத் தைப்பர். தோல் சீவும் எந்திரத்தின் முன்னர் மனம் அலையின் விரல் போம். அவ்விடத்து அலைவு குற்றமே, ஐயமில்லை. தைப்பவளுக்கோ கை பழகிவிட்டது. ஒரே தையலை நாள் முழுதும் தைப்பவள் மனம், பள்ளிக்குச் சென்ற மகவையும், வட்டிக்கு வாங்கிய கடனையும், வீட்டில் நோயுற்ற மாமியையும் சுற்றிவரும். அவ்வேளையில் வினவின், மனம் வேறிடத்தது என்பதும் மனநிலை தாழ்ந்தது என்பதும் ஒருங்கே வரும். மனத்தை ஊசியின்மேல் வை, மகிழ்வாய் என்று அவட்குக் கூறுவது எளிது. கடன் அங்ஙனே நிற்கும்.

பாலாற்றை அடுத்த உழவர் செய்தியும் இத்தகையதே. தோற்கழிவு நீரால் கிணறும் நிலமும் கெட்டமையை முறையிட்டு வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகத்து 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தினாரே அதற்குரிய இழப்பை ஈடுசெய்தல் வேண்டும் என்பது அத்தீர்ப்பிற் கொள்ளப்பட்ட நெறிகளுள் ஒன்று. கிணறு கெட்டவன் உண்ணும்போதும் நடக்கும்போதும் அக்கிணற்றையே எண்ணியிருப்பன். அவன் துயரத்திற்குக் காரணம் அவ்வெண்ணமோ, கிணற்று நீரோ? எண்ணத்தை விட்டு உணவிலே மனம் வைத்திருப்பானாயின் அவன் தந்த எண் ஒருகால் சிறிது உயர்ந்திருக்கும், முறையீடு எழுந்திராது. எதனை எண்ணினை என்பதற்கு அம்மூன்றாம் வினாவில் இனியது, இன்னாதது, இரண்டுமல்லாதது என்னும் மூன்று விடைகளே உள. கிணறு என்று விடை கூற ஆண்டு இடமில்லை.